லண்டனுக்குப் போகும் உம்மாமாருக்கு ஒரு டிக்கட் பாடம்

எனக்குத் தெரிந்த ராத்தா ஒருவர். மகளின் பிரசவத்துக்கென்று லண்டனுக்குப் போய் மூன்று மாதங்கள் இருந்துவிட்டு வந்தார். அவர் வந்த சேதி அறிந்து பார்க்கப் போனோம். "ராத்தா, லண்டன் எப்படி?" என்று கேட்டேன்.

"லண்டனா? யன்னலாலதான் பாத்தேன் தங்கச்சி" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். ஆனால் வீடு திரும்பிய பின்னரும் அந்த வார்த்தை என் மனதை விட்டுப் போகவில்லை. இந்த ராத்தா ஊரில் வீட்டுக்குள் முடங்கிக் கிடப்பவர் அல்லர். தனியாக பஸ் ஏறிப் புறக்கோட்டைக்குப் போவார்; நாலு கடை ஏறி இறங்கி விலை பேசித் துணி வாங்குவார்; மிகுதிக் காசு தராத கொண்டக்டரிடம் கேட்டு வாங்காமல் இறங்க மாட்டார். அப்படிப்பட்டவரை மூன்று மாதங்கள் ஒரு மாடி வீட்டுக்குள் அடைத்து வைத்தது எது? குளிரா? பாஷையா?

இரண்டும் இல்லை. "அந்த மெஷினுக்கு முன்னால நிண்டா கை நடுங்கும். எவ்வளவு போகுதெண்டு ஒண்டும் விளங்காது. பவுண ரூபாவாக் கணக்குப் பாத்தா நெஞ்சு பதறும். மருமகனுக்கு ஏன் கரைச்சல் எண்டு இருந்துட்டேன்" என்றார்.

சகோதரிகளே, இன்று நம்மில் எத்தனையோ குடும்பங்களில் மகளோ மகனோ லண்டனில் இருக்கிறார்கள். பேரப்பிள்ளையைப் பார்க்க, பிள்ளைப்பேற்றுக்கு உதவ, சுகமில்லாத சகோதரியைப் பார்த்து வர என்று உம்மாமார் போய்வருகிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகின்றேன். அந்நகரின் கட்டண முறை முதற் பார்வைக்குத் தலைசுற்ற வைக்கும். ஆனால் அதற்கு ஒரு கணக்கு உண்டு. கணக்குத் தெரிந்தவரிடம் அது குறைவாக வாங்கும். தெரியாதவரிடம் கூடுதலாக வாங்கும். படிக்க வேண்டியது நாலைந்து விதிகள் மாத்திரமே.

கீழே நான் தரும் தொகைகள் 2025ஆம் ஆண்டுக்குரியவை. அங்கு கட்டணங்கள் பெரும்பாலும் மார்ச் மாதத்தில் திருத்தப்படும். ஆகவே புறப்படுமுன் தொகையை ஒரு தடவை கேட்டறிந்து கொள்ளுங்கள்.

காசு செல்லாத பஸ்

முதலில் நீங்கள் மறக்க வேண்டியது காசை. லண்டனின் சிவப்பு பஸ்களில் 2014 ஜூலை மாதத்திலிருந்து காசு வாங்குவதில்லை. கொண்டக்டர் இல்லை, சாரதியிடம் நீட்டினாலும் ஏற்க மாட்டார். எனவே மிகுதிக் காசுச் சண்டையும் அங்கே இல்லை.

காசுக்குப் பதிலாக இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று "ஒய்ஸ்டர்" எனும் நீல நிற அட்டை. ஒய்ஸ்டர் என்றால் சிப்பி. நமது மன்னார்க் கடலில் மூழ்கி முத்தெடுத்தார்களே, அந்தச் சிப்பிதான். 2003இல் அறிமுகமான இந்த அட்டையை ரயில் நிலைய இயந்திரங்களிலும், அதற்கென அடையாளம் வைத்திருக்கும் சிறு கடைகளிலும் வாங்கலாம். அட்டைக்கென ஒரு விலை உண்டு. அது திரும்பக் கிடைக்காது. அதற்கு மேல் நீங்கள் போடும் பணம் பயணத்துக்குச் செலவாகும். தீர்ந்ததும் மீண்டும் போட்டுக்கொள்ளலாம். மகளின் வீட்டு மேசை இலாச்சியில் பழைய ஒய்ஸ்டர் அட்டை ஒன்று சும்மா கிடக்கக்கூடும். கேட்டுப் பாருங்கள், அட்டையின் விலை மிச்சம்.

மற்றையது, தொட்டவுடன் பணம் கழியும் வகையைச் சேர்ந்த வங்கி அட்டை அல்லது அவ்வாறு அமைத்த கைத்தொலைபேசி. 2012 டிசம்பரில் பஸ்களிலும், 2014 செப்டெம்பரில் ரயில்களிலும் இவை ஏற்கப்படத் தொடங்கின. பெரியவர்களுக்குக் கட்டணம் இரண்டிலும் ஒன்றே. ஆனால் நம் நாட்டு வங்கி அட்டையைப் பாவித்தால், வெளிநாட்டுக் கொடுப்பனவுக்காக நமது வங்கி தனியே ஒரு தொகை அறவிடக்கூடும். மாதக் கணக்கில் தங்கப் போகிறவருக்கு ஒய்ஸ்டர் அட்டையே நல்லது. கையில் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு போனது என்பது கண்ணுக்குத் தெரியும்.

பஸ்ஸில் ஏறும்போது சாரதிக்குப் பக்கத்தில் மஞ்சள் வட்டம் ஒன்று தெரியும். அதில் அட்டையை வைத்தால் "பீப்" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். இறங்கும்போது வைக்கத் தேவையில்லை. ஒரு தரிப்பிடம் போனாலும், ஒரு மணித்தியாலம் இருந்து கடைசித் தரிப்பிடத்தில் இறங்கினாலும் ஒரே கட்டணந்தான்: 1.75 பவுண். 2023 மார்ச்சில் ஏறிய இத்தொகை 2025இலும் மாறவில்லை.

ஒரு நாளில் பஸ்ஸில் மாத்திரம் எத்தனை தடவை போனாலும் 5.25 பவுணுக்கு மேல் கழியாது. அதாவது மூன்று பயணத்துக்குரிய காசு போனதும் அன்றைய மிகுதிப் பயணங்கள் இலவசம். பவுணை ரூபாவாக்கிப் பதறிய நமது ராத்தாவுக்கு இந்த ஒரு விடயத்தை யாராவது சொல்லியிருந்தால் பாதிப் பயம் போயிருக்கும்.

வெங்காயம் போல ஒரு நகரம்

பஸ் இலகு. ரயில்தான் கொஞ்சம் சிக்கல். நிலத்துக்குக் கீழே ஓடும் ரயிலை அங்குள்ளவர்கள் "டியூப்" என்பார்கள். குழாய் என்று பொருள்.

ஒரு வெங்காயத்தைக் குறுக்கே வெட்டி வைத்தால் வட்டத்துக்குள் வட்டம் தெரியுமல்லவா? லண்டனை அப்படி நினைத்துக்கொள்ளுங்கள். நடு வட்டம் முதலாம் வலயம். ஒக்ஸ்போர்ட் வீதி, வெஸ்ட்மின்ஸ்டர், பாடிங்டன் எல்லாம் அதற்குள். அதைச் சுற்றி இரண்டாம் வலயம், மூன்றாம் வலயம் என்று விரிந்துகொண்டு போகும். ஹீத்ரோ விமான நிலையம் ஆறாம் வலயத்தில் உள்ளது. அதற்கும் வெளியே ஒன்பது வரை உண்டு.

ரயிலில் நீங்கள் கொடுப்பது தூரத்துக்கு அல்ல. எந்தெந்த வலயத்தைத் தொட்டீர்கள் என்பதற்கே. அதிலும் நடு வட்டத்துக்குத்தான் விலை அதிகம்.

ஓர் உதாரணம் சொல்கின்றேன். கிழக்கு லண்டனில் ஈஸ்ட்ஹாம் என்ற இடத்தில் நம்மவர் பலர் வாழ்கின்றனர். அங்கிருந்து கிழக்கு லண்டன் பள்ளிவாசலுக்குப் போக வேண்டுமென்றால் டிஸ்ட்ரிக்ட் பாதை ரயிலில் ஏறலாம். பள்ளிவாசல் இருப்பது வைட்சப்பல், ஒல்ட்கேட் ஈஸ்ட் என்ற அடுத்தடுத்த இரண்டு நிலையங்களுக்கு நடுவில். எதில் இறங்கினாலும் நடந்து போய்விடலாம். ஆனால் வைட்சப்பல் இரண்டாம் வலயம். ஒல்ட்கேட் ஈஸ்ட் முதலாம் வலயம். வைட்சப்பலில் இறங்கினால் நடு வட்டத்தை நீங்கள் தொடவில்லை, கட்டணம் குறைவு. தூக்கக் கலக்கத்தில் ஒரே ஒரு நிலையம் தாண்டி இறங்கிவிட்டால் நடு வட்டத்துக் கட்டணம் விழும். போகவும் வரவும் இரண்டு தடவை இந்த வித்தியாசத்தைக் கூட்டிப் பாருங்கள்.

ஆகவே மகளிடமோ மருமகனிடமோ முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "நம்ம வீடு எத்தனையாம் வலயம்?" என்பதுதான். இரண்டாவது கேள்வி, "நான் போகுமிடம் எத்தனையாம் வலயம்?" ரயில் நிலையச் சுவர்களில் உள்ள வரைபடத்தில் ஒவ்வொரு நிலையமும் எந்த வலயத்தில் என்று இலக்கத்துடன் காட்டப்பட்டிருக்கும். ஆங்கிலம் வாசிக்கச் சிரமமானவரும் இலக்கத்தை வாசிக்கலாமே!

நேரத்துக்கும் ஒரு விலை

திங்கள் முதல் வெள்ளி வரை காலை 6.30 தொடக்கம் 9.30 வரையும், மாலை 4.00 தொடக்கம் 7.00 வரையும் நெரிசல் நேரம் எனப்படும். அந்நேரத்தில் பெரும்பாலான ரயில் பயணங்களுக்குக் கட்டணம் கூடும். சனி, ஞாயிறு முழுவதும் குறைந்த கட்டணமே. (மாலை நெரிசல் நேரத்தில் வெளி வலயத்திலிருந்து நடு வட்டத்தை நோக்கிப் போவோருக்கும் குறைந்த கட்டணமே.)

கணக்கிடப்படுவது நீங்கள் அட்டையை வைத்து நிலையத்துக்குள் புகும் நேரம். 9.28க்கு உள்ளே போனால் கூடிய கட்டணம், 9.31க்குப் போனால் குறைந்த கட்டணம். வேலைக்கு ஓடுகிறவர்களால் இதைப் பார்க்க முடியாது. ஆனால் பேரப்பிள்ளையைப் பாடசாலையில் விட்டுவிட்டுக் கடைக்குப் போகும் உம்மாவுக்கு நாலு நிமிடம் வெளியே நின்றால் என்ன நட்டம்? பஸ்ஸில் இந்தப் பேதமில்லை. எந்நேரமும் ஒரே கட்டணம்.

ரயிலுக்கும் நாளொன்றுக்கு உச்ச வரம்பு உண்டு. முதலாம், இரண்டாம் வலயங்களுக்குள் மாத்திரம் திரிந்தால் 8.90 பவுண்; மூன்றாம் வலயம் வரை என்றால் 10.50, ஆறாம் வலயம் வரை என்றால் 16.30. அந்நாளில் ஏறிய பஸ்களும் இதற்குள் அடங்கும். அங்கே "நாள்" என்பது அதிகாலை 4.30க்குத் தொடங்கி மறுநாள் அதிகாலை 4.30க்கு முடிவது. திங்கள் முதல் ஞாயிறு வரையான வாரத்துக்கும் ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். எதையும் முன்கூட்டி வாங்க வேண்டியதில்லை. கணினியே கூட்டிப் பார்த்து நிறுத்திக்கொள்ளும். ஒரே அட்டையைப் பாவிக்க வேண்டும் என்பது மாத்திரமே நிபந்தனை.

தொட மறந்தால்?

இனிச் சொல்வதைக் கவனமாக வாசியுங்கள். நம்மவர் அதிகம் நட்டப்படுவது இங்கேதான்.

பஸ்ஸில் ஏறும்போது மாத்திரம் தொட்டால் போதும். ரயிலிலோ உள்ளே போகும்போதும் தொட வேண்டும், வெளியே வரும்போதும் தொட வேண்டும். நீங்கள் எங்கே ஏறினீர்கள், எங்கே இறங்கினீர்கள் என்பது தெரிந்தால்தானே கணினி கணக்குப் பார்க்கும்? ஒன்றை விட்டுவிட்டால் நீங்கள் மிக நீண்ட தூரம் போனதாக எடுத்துக்கொண்டு அதிகபட்சக் கட்டணத்தைக் கழித்துவிடும். அது நாள் வரம்பிலும் சேராது.

தடுப்புக் கதவு உள்ள நிலையங்களில் மறக்க வழியில்லை. வைத்தால்தான் கதவு திறக்கும். ஆனால் கிழக்கு லண்டனில் சாரதியில்லாமல் ஓடும் சிறிய ரயிலின் பெரும்பாலான நிலையங்களில் கதவே கிடையாது. ஒரு கம்பத்தில் மஞ்சள் வட்டம் மாத்திரம் இருக்கும். கூட்டத்தோடு கூட்டமாக நடந்து வெளியே வந்துவிடலாம். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால்தான் அட்டையில் காசு குறைந்திருப்பது தெரியும். கதவு இல்லை என்பதற்காகக் கட்டணம் இல்லை என்று எண்ண வேண்டாம். கம்பத்தைத் தேடித் தொடுங்கள்.

சில நிலையங்களில் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு வட்டம் காணப்படும். நடு வட்டத்துக்குள் போகாமல், வெளியாலேயே ரயில் மாறிச் செல்வோருக்காக வைத்தது அது. மாறும்போது அதிலும் ஒரு தடவை தொட்டால், "இவர் நடு வட்டத்தால் போகவில்லை" என்று கணினி அறிந்து குறைந்த கட்டணம் எடுக்கும். தொடாவிட்டால் நடு வட்டத்தால் போனதாகவே கணக்குப் போடலாம்.

இன்னும் மூன்று எச்சரிக்கைகள்:

ஓர் அட்டையில் ஒருவர்தான் போகலாம். நம் ஊரில் ஒருவர் காசு நீட்டி "மூணு டிக்கட்" என்று கேட்பது போல அங்கே முடியாது. கட்டணம் செலுத்த வேண்டிய ஒவ்வொருவருக்கும் தனி அட்டை வேண்டும்.

கைப்பையோடு சேர்த்து வைக்காதீர்கள். பைக்குள் இரண்டு அட்டைகள் இருந்தால் எது கழிபடும் என்று சொல்ல முடியாது. உள்ளே போகும்போது ஒன்றும், வெளியே வரும்போது மற்றதும் பட்டுவிட்டால் இரண்டிலும் பாதிப் பயணம். இரண்டிலும் அதிகபட்சக் கட்டணம். வங்கி அட்டையும், அதே அட்டையை ஏற்றிய கைத்தொலைபேசியும் கூட அங்கே இரண்டு வெவ்வேறு ஆட்களாகவே கணக்கிடப்படும்.

பிறருக்கென்று அவரது புகைப்படத்துடன் கொடுத்த சலுகை அட்டையை வாங்கிப் பாவிக்கவே வேண்டாம். "சம்மந்தி அம்மாட கார்ட் சும்மாதானே கிடக்குது, கொண்டு போங்க" என்று அன்போடு நீட்டுவார்கள். பரிசோதகர் வந்தால் பெரும் தலைகுனிவு. உரிய கட்டணமின்றிப் பயணித்தால் 2024 மார்ச்சிலிருந்து தண்டப்பணம் 100 பவுண். 21 நாட்களுக்குள் கட்டினால் பாதி. பிறரது சலுகை அட்டையென்றால் விடயம் நீதிமன்றம் வரை போகவும் கூடும்.

தவறுதலாகக் கூடுதல் காசு போய்விட்டால் பதற வேண்டாம். நாள், நேரம், நிலையத்தின் பெயர் மூன்றையும் குறித்து வைத்துக்கொண்டு விண்ணப்பித்தால், நியாயமான தவறுக்குப் பணத்தை மீளத் தருகிறார்கள். வெட்கப்பட்டு மறைத்துவிட்டால் காசு போனதுதான்.

ஒரு மணித்தியாலச் சலுகை

பெண்களாகிய நமக்கு மிகவும் பயன்படும் விதியொன்றை இனிச் சொல்கின்றேன்.

ஆண்களின் பயணத்தைப் பாருங்கள். காலையில் வீட்டிலிருந்து வேலைத்தலம். மாலையில் வேலைத்தலத்திலிருந்து வீடு. இரண்டே பயணம். பெண்ணின் பயணம் அப்படியா? பிள்ளையைப் பாடசாலையில் விட வேண்டும். வழியில் மருந்து எடுக்க வேண்டும். இறைச்சிக் கடைக்குப் போக வேண்டும். சுகமில்லாத மாமியை எட்டிப் பார்க்க வேண்டும். சின்னச் சின்னத் துண்டுகளாக நாலைந்து பயணம். ஏறும்போதெல்லாம் புதிதாகக் காசு என்றால் அந்தப் பாரம் யார் தலையில் விழும்?

லண்டனில் நெடுங்காலமாக அப்படித்தான் இருந்தது. பஸ் மாறினால் மறுபடியும் முழுக் கட்டணம். 2016 செப்டெம்பரில் அதை மாற்றினார்கள். முதல் பஸ்ஸில் தொட்டதிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் இன்னொரு பஸ் ஏறினால் அது இலவசம் என்றார்கள். 2018 ஜனவரி முதல், அந்த ஒரு மணித்தியாலத்துக்குள் எத்தனை பஸ்ஸிலும் டிராமிலும் ஏறலாம் என்றாக்கினார்கள். கடைசி பஸ்ஸில் ஏறும் நேரம் ஒரு மணித்தியாலத்துக்குள் இருந்தால் போதும். இறங்குவது பிந்தினாலும் பரவாயில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் அதே அட்டையைத் தொட வேண்டும்.

இதை மனதில் வைத்து ஒரு காலையைத் திட்டமிட்டுப் பாருங்கள். 9.10க்கு பஸ்ஸில் தொடுகிறீர்கள். பாடசாலையில் பிள்ளையை விட்டுவிட்டு 9.35க்கு இன்னொரு பஸ். கடையில் சாமானை எடுத்துக்கொண்டு 10.05க்கு வீடு திரும்பும் பஸ். மூன்று பஸ், ஒரே 1.75 பவுண்.

அட்டையில் காசு குறைந்து வழியில் நின்றுவிடுவோமோ என்ற பயத்துக்கும் மருந்து வைத்திருக்கிறார்கள். ஒய்ஸ்டர் அட்டையில் மிகுதியிருந்து, அது ஒரு பஸ் பயணத்துக்குப் போதாமற் போனாலும், ஒரு தடவை பஸ் ஏற விடுவார்கள். அடுத்த முறை பணம் போடும்போது அது கழிக்கப்படும். இரவு நேரத்தில் ஒரு பெண் தெருவில் நிற்க நேரக்கூடாது என்பதை நினைத்தால் இதன் அருமை விளங்கும்.

பிள்ளைகளும் பெரியவர்களும்

பதினொரு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு லண்டன் பஸ்ஸிலும் டிராமிலும் கட்டணமில்லை, அட்டையும் தேவையில்லை. டியூப் ரயிலில், கட்டணம் செலுத்தும் பெரியவர் ஒருவரோடு அவ்வயதுப் பிள்ளைகள் நால்வர் வரை இலவசமாகப் போகலாம். அகலமான கதவு ஒன்று இருக்கும். தள்ளுவண்டியோடும் பிள்ளைகளோடும் அதனாலேயே போங்கள்.

11 முதல் 15 வயது வரையான பிள்ளையை விடுமுறைக்குக் கூட்டிச் செல்கிறீர்களா? டியூப் நிலைய ஊழியரிடம் ஒய்ஸ்டர் அட்டையைக் கொடுத்து, "யங் விசிட்டர்" சலுகை வேண்டுமெனக் கேளுங்கள். 14 நாட்கள் வரை பாதிக் கட்டணத்தில் பயணிக்கலாம். பிள்ளை உங்களோடு நிற்க வேண்டும். கேட்டால்தான் கிடைக்கும், தானாக வராது. பலர் இதை அறியாமல் பிள்ளைக்கும் முழுக் கட்டணம் செலுத்துகிறார்கள்.

60 வயது கடந்தோருக்கு அங்கே இலவசப் பயண அட்டை உண்டு. ஆனால் அது லண்டனில் வதிவோருக்கு மாத்திரமே. பார்வையாளராகப் போகும் நமக்கு இல்லை. நிரந்தரமாகப் பிள்ளைகளோடு போய்க் குடியிருப்போர் விசாரித்து விண்ணப்பிக்கலாம். அந்த அட்டையும் வேலை நாட்களில் காலை 9 மணிக்குப் பின்னரே செல்லும்.

விமான நிலையத்தில் இறங்கியதும்

யாரும் கூட்டிச் செல்ல வர முடியாத நாளாக இருக்கலாம். ஹீத்ரோவிலிருந்து நகருக்குள் போக மூன்று வகை ரயில்கள் உண்டு. மூன்றின் அறிவிப்புப் பலகைகளும் ஒரே இடத்தில் தொங்கும். விலைதான் வானத்துக்கும் பூமிக்கும்.

பிக்கடிலி பாதை டியூப் ரயிலில் நடு வட்டத்துக்கு 5.80 பவுண்; ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் எடுக்கும். 2022 மே மாதத்தில் திறக்கப்பட்ட எலிசபெத் பாதையில் அதே நடு வட்டத்துக்கு 13.90 பவுண், நேரம் குறைவு. நேரே பாடிங்டனுக்கு 15 நிமிடத்தில் ஓடும் விரைவு ரயிலுக்கு அன்றே டிக்கட் எடுத்தால் 20 பவுணுக்கு மேல். நீங்கள் கேட்காவிட்டால், பெரிதாக விளம்பரம் செய்யப்படும் விரைவு ரயிலே முதலில் கண்ணில் படும். பயணப் பெட்டிகள் குறைவென்றால் டியூப் ரயிலே நம் கைக்கு ஏற்றது.

பர்மிங்ஹாம், லெஸ்டர் போன்ற தூர நகரங்களுக்கு ஒய்ஸ்டர் அட்டை செல்லாது. அதற்குத் தனி டிக்கட் வேண்டும். நாளைத் தீர்மானித்து முன்கூட்டியே எடுத்தால் கட்டணம் வெகுவாகக் குறையும்.

கட்டணம் மனிதர் போட்டதே

இந்தக் கட்டணங்கள் எப்படி வந்தன என்பதையும் சிறிது அறிந்துகொள்வோம். உலகின் முதல் நிலக்கீழ் ரயில் ஓடத் தொடங்கியது 1863 ஜனவரி 10ஆம் திகதி லண்டனில்தான். அன்று மூன்று வகுப்புகள் வைத்து மூன்று, நான்கு, ஆறு பென்ஸ் என அறவிட்டார்கள். நம் நாட்டுப் புகையிரத நிலையங்களில் நாம் நெடுங்காலம் வாங்கிப் பழகிய தடித்த சிறு அட்டை டிக்கட்டும், 1830களில் தோமஸ் எட்மண்ட்சன் என்ற ஆங்கிலேய நிலைய ஊழியர் கண்டுபிடித்த முறையிலிருந்து வந்ததே.

1981இல் ஒரு பெரும் வழக்கு நடந்தது. கென் லிவிங்ஸ்டன் தலைமையிலான பெருலண்டன் சபை, ஏழைகளும் தாராளமாகப் பயணம் செய்யட்டும் என்று அவ்வாண்டு ஒக்டோபரில் பஸ், ரயில் கட்டணங்களைச் சராசரி நூற்றுக்கு 32 குறைத்தது. அந்த நட்டத்தை ஈடுசெய்யச் சோலை வரியைக் கூட்டியது. நகரின் ஓரத்தில் புரொம்லி என்றொரு பகுதி. அங்கே டியூப் நிலையம் ஒன்றுகூட இல்லை. "எங்களுக்கு இல்லாத ரயிலுக்கு நாங்கள் ஏன் வரி கட்ட வேண்டும்?" என்று அப்பகுதிச் சபை வழக்குத் தொடுத்தது. நாட்டின் அதியுயர் நீதிமன்றமாக அன்றிருந்த பிரபுக்கள் சபை, 1981 டிசம்பரில் கட்டணக் குறைப்புச் சட்டத்துக்கு மாறானது எனத் தீர்ப்பளித்தது. 1982 மார்ச்சில் கட்டணங்கள் ஏறத்தாழ இரட்டிப்பாயின. பயணிகள் குறைந்தனர். பின்னர் சட்டத்துக்கு அமைவாக வேறொரு திட்டம் தீட்டி, 1983 மே மாதத்தில் கட்டணத்தைக் குறைத்தார்கள். வலயக் கணக்கில், ஒரே சீட்டில் பஸ்ஸிலும் டியூப் ரயிலிலும் போகக்கூடிய "டிராவல் கார்ட்" அப்போதுதான் பிறந்தது. இன்று கணினி போடும் கணக்கும் அதன் வழியில் வந்ததே.

நான் இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. டிக்கட் விலை என்பது இரும்பிலும் எண்ணெயிலும் தானாக ஊறி வருவதல்ல. யார் வெளியே போகலாம், யார் வீட்டில் இருக்கட்டும் என்பதை மனிதர்கள் கூடித் தீர்மானிக்கும் ஒரு முடிவு அது. புரொம்லியில் வரி கட்டியவர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது. கிழக்கு லண்டனில் மூன்று பிள்ளைகளோடு பஸ்ஸுக்கு நின்ற தாயின் பக்கத்திலும் நியாயம் இருந்தது. அந்தத் தாய்க்கு இலாபமான விதிகளும் இன்று உள்ளே இருக்கின்றன. தெரியாதவருக்கு அவை இல்லாததற்குச் சமம்.

முதல் வாரத்தில் இதைச் செய்யுங்கள்

லண்டன் போய்ச் சேர்ந்து களைப்பு ஆறியதும், மகளைக் கூட்டிக்கொண்டு ஒரு சனிக்கிழமை வெளியே போங்கள். அட்டையை மகளிடம் கொடுக்காதீர்கள். உங்கள் கையிலேயே வைத்திருங்கள். நீங்களே தொடுங்கள். நீங்களே இயந்திரத்தில் பணம் போடுங்கள். பின்னால் நிற்பவர் முகத்தைச் சுளித்தால் சுளிக்கட்டும். வீட்டுக்கு அருகிலுள்ள தரிப்பிடத்தின் பெயரையும், பஸ் இலக்கத்தையும், வலய இலக்கத்தையும் ஒரு துண்டில் தமிழில் எழுதி அட்டை உறைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் நாள் தனியே இரண்டு தரிப்பிடம் போய்த் திரும்பி வாருங்கள். மூன்றாம் நாள் நீங்கள் பேரப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகலாம்.

இளையோருக்கும் ஒரு வார்த்தை. உம்மா வந்ததும், "நீங்க எங்கயும் தனியப் போக வேணாம், நான் கூட்டிப் போறேன்" என்று சொல்கிறீர்கள். அன்பினால்தான் சொல்கிறீர்கள். ஆனால் வேலை, பிள்ளை, படிப்பு என்று உங்களுக்கு நேரம் கிடைப்பதில்லை. உம்மா யன்னல் ஓரத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்புகிறார். அன்பளிப்பாகச் சேலை வாங்கிக் கொடுப்பதற்கு முன் ஓர் ஒய்ஸ்டர் அட்டையை வாங்கிக் கொடுங்கள். கூடவே அரை நாளை ஒதுக்கிப் பழக்கியும் விடுங்கள்.

நமது ராத்தாவுக்கு இரண்டாவது பேரப்பிள்ளை கிடைக்கப் போகிறது. மறுபடியும் போகிறார். சென்ற வாரம் இந்தக் கணக்குகளையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதிக் கொண்டு போய்க் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக வாசித்தார். பிறகு நிமிர்ந்து, "மூணு பஸ்ஸுக்கு ஒரு காசா? இதத் தெரிஞ்சிருந்தா நான் சும்மா இருந்திருப்பேனா தங்கச்சி!" என்றார்.